நாச்சியார் கண்மாய் நடந்து வந்த வாரம்

உசிலங்காட்டிலிருந்து இருநூற்றுப் பதினான்கு பேர் கோட்டாட்சியர் ஆபீசுக்கு ஐந்து நாள் நடைப்பயணம் போவதென்று முடிவானபோது அந்தக் கூட்டத்தில் ஒரு கண்மாயும் சேர்ந்துகொள்ளும் என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் போலீசாரிடம் கொடுத்த அனுமதி மனுவிலேயே அதையும் எழுதியிருப்பார்கள், ஏனென்றால் நடைப்பயணத்துக்குத் தலைமை தாங்கிய சவரிமுத்து முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், தலைக்கு ஒரு டிக்கெட் என்பதில் அப்படியொரு கறார்.

விஷயம் இதுதான். ஊருக்குச் சோறு போடும் நாச்சியார் கண்மாயை அதிகாரிகள் ஒரு சித்திரை மாதத்தில் வந்து பார்த்தார்கள். சித்திரையில் எந்தக் கண்மாயில்தான் தண்ணீர் கிடக்கும்? வெடித்த மண்ணையும் மேய்ந்துகொண்டிருந்த நாலு ஆட்டையும் பார்த்துவிட்டு ஏட்டில் ‘தரிசு’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். தரிசு என்று எழுதியான பிறகு அங்கே எதை வேண்டுமானாலும் கொட்டலாம் அல்லவா, பக்கத்து டவுன் குப்பையை மாசி மாதம் இரண்டாம் சனிக்கிழமையிலிருந்து அங்கே கொண்டுவந்து கொட்டலாம் என்று உத்தரவும் வந்துவிட்டது. மனுவோடு போய் நின்றவர்களிடம் கோட்டாட்சியர் பேனாவை மூடிக்கொண்டே, “இப்ப தண்ணி இருக்குன்னு வாயால சொன்னா ஆச்சா? கண்மாயைக் கொண்டாந்து காட்டுங்க, மாத்தி எழுதிடறேன்” என்றார். அவர் ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார்.

அந்தப் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டவர்களில் இருளாயியும் ஒருத்தி. நூறு நாள் வேலையில் அவள் மேட், அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயரை வாசித்து வருகை எடுப்பவள். பன்னிரண்டு வருஷமாக அவளும் அவளோடு வரும் பெண்களும் நாச்சியார் கண்மாயில்தான் தூர் வாரினார்கள். எந்த இடத்தில் மண்வெட்டி பாறையில் முட்டும், எந்த இடத்தில் வண்டல் முழங்கை ஆழத்துக்குக் கிடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். தன் வீட்டு அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பாள். குப்பை லாரி வரப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமை விடிந்ததும் எல்லோரும் கண்மாய்க் கரையில் கூடினார்கள். பெயர் வாசிக்கும் வேலை வழக்கம்போல இருளாயிக்குத்தான் வந்தது. இருநூற்றுப் பதினான்கு பெயரையும் வாசித்தாள், ஒவ்வொருவரும் “இருக்கேன்” என்றார்கள். தினமும் வருகை எடுத்து முடித்ததும் வேலை நடக்கும் இடத்தின் பெயரையும் சத்தமாக வாசித்துவிட்டுத்தான் அவள் ஏட்டை மூடுவாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம் சும்மா விடுமா, அன்றைக்கும் வாய் தன்பாட்டுக்கு “நாச்சியார் கண்மாய்” என்று கூப்பிட்டுவிட்டது.

கண்மாய் எழுந்து வந்தது.

கரையும் மடையும் கலுங்கும் அப்படியே கிடக்க, தண்ணீர் மட்டும் தன் வண்டலையும் மீனையும் அல்லித் தண்டையும், நடுவில் நின்ற நாலு கருவேல மரத்தையும், மரத்தில் உட்கார்ந்திருந்த கொக்குகளையும் கூட்டிக்கொண்டு கரை ஏறி, ரோட்டுக்கு வந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றது. கடைசி வரிசையில் நின்ற பெண்கள் சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். “வரட்டும். வீட்டுல தனியாக் கெடந்து என்ன செய்யப் போகுது” என்று ஒருத்தி சொன்னாள். ஆட்டுக்காரர் ஒருவருக்கு மட்டும், ஐந்து நாளைக்கு ஆடு எங்கே தண்ணீர் குடிக்கும் என்ற கவலை. அவர் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றதற்குச் சவரிமுத்து ஒப்புக்கொள்ளவில்லை.

பாதுகாப்புக்கு வந்த எஸ்.ஐ. ஜெபராணி அனுமதிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். இடது பக்கமாகப் போக வேண்டும், இருவர் இருவராகப் போக வேண்டும், வாகனமோ கால்நடையோ கூட வரக் கூடாது.

“இதுல கண்மாய்னு எங்கயும் இல்லையே” என்றாள்.

“கண்மாய் வாகனமா மேடம்?” என்று கேட்டார் சவரிமுத்து.

“இல்ல.”

“கால்நடையா?”

ஜெபராணி கண்மாயைப் பார்த்தாள். அது கால் வைத்து நடந்ததாகவும் தெரியவில்லை. “இல்ல” என்றாள்.

“அப்ப என்ன, கிளம்புவமா?”

“ரெண்டு ஆள் அகலத்துக்கு மேல போகக் கூடாது. சொல்லிட்டேன்” என்றாள் ஜெபராணி. கண்மாய் ஒடுங்கிக்கொண்டது. நூற்று எண்பது ஏக்கர் கண்மாய் இரண்டு ஆள் அகலத்துக்கு ஒடுங்கினால் நீளம் எவ்வளவு வரும் என்று பாருங்கள், தலைப்பக்கம் அடுத்த ஊர்ப் பிள்ளையார் கோவிலைத் தாண்டியபோது வால்பக்கம் இன்னும் உசிலங்காட்டு எல்லையில்தான் இருந்தது, எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாம் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு நனைத்துக்கொண்டு போனார்கள்.

இருளாயிக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். சந்தைப்பேட்டைக்கு அப்பால் காலால் நடந்து போனவள் இல்லை அவள். இப்போது முன்னால் கோஷம், பக்கத்தில் பாட்டு, பின்னால் முழங்கால் அளவுக்குத் தன் கண்மாய் சளசளவென்று வருகிறது. கெண்டைக் குஞ்சுகள் பாதத்தைக் கடித்தன. வெயிலுக்கு இதமாக இருக்கிறதென்று, சவரிமுத்து உட்பட எல்லோருமே தினமும் முறைவைத்துப் பின்னால் வந்து தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். கண்மாயின் தலைப்பக்கம் அவளை விட்டு ஒரு முழம்கூடப் பின்தங்கவில்லை. அவள் செருப்பு அறுந்து நின்றால் அதுவும் நின்றது, அவள் ஓடிப்போய்த் துண்டுப் பிரசுரம் கொடுத்துவிட்டு வந்தால் அதுவும் ஓடிப்போய்விட்டு வந்தது. “கோட்டாட்சியரே, கண்மாய் வருது, எழுந்து வாரும்” என்று அவளாகவே ஒரு கோஷம் கட்டினாள். இருநூறு பேர் அதைத் திருப்பிச் சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டாள்.

வழியில் இருந்த ஊர்களுக்கு நடைப்பயணம் என்றால் மோர்ப்பந்தல் போடத் தெரியும், ஆனால் கண்மாய்க்கு என்ன கொடுப்பது என்று முதல் ஊரில் கொஞ்சம் தடுமாறினார்கள். டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ கொடுத்துவிட்டு, மரியாதைக்குறைவாக இருக்கக் கூடாதென்று ஒரு கிளாஸ் டீயைக் கண்மாயிலும் ஊற்றினார். ஆரத்தித் தட்டோடு வந்த பெண்கள், சுற்றிய தண்ணீரை ரோட்டில் ஊற்றுவதா கண்மாயிலேயே ஊற்றுவதா என்று அரைமணி நேரம் வாக்குவாதம் பண்ணினார்கள். தலைமையாசிரியர் ஒரு பீரியடை ரத்துசெய்து பிள்ளைகளை வாசலுக்குக் கூட்டிவந்து, சாலையில் எப்படி இடது பக்கமாக ஒழுங்காகப் போக வேண்டும் என்பதற்குக் கண்மாயை உதாரணம் காட்டினார். அடுத்தடுத்த ஊர்களுக்குச் செய்தி முன்கூட்டியே போய்விட்டது, அங்கெல்லாம் வாசலில் இருந்த மோட்டார் சைக்கிள்களை மேட்டில் ஏற்றிவிட்டுத் தயாராக இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆவரங்குடியில்தான் பெரிய கூத்து. மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் நாச்சியார் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக ஓடிவருகிற தண்ணீர் ஆவரங்குடிக் கண்மாய்க்குத்தான் போகும். ஆகவே அந்த ஊர்க்காரர்களுக்கு நாச்சியார் தங்கள் கண்மாயின் தாய்வீட்டு ஆள். ஏழு தட்டில் மஞ்சள், பூ, வெற்றிலை, பச்சைச் சேலை எல்லாம் வைத்து மேளத்தோடு ஊர் எல்லைக்கே வந்துவிட்டார்கள். சேலையை எங்கே சாத்துவது என்று பார்த்து, கடைசியில் ஒரு கருவேல மரத்தில் சுற்றினார்கள். அவ்வளவு மரியாதையும் பண்ணிவிட்டு, பாதிப் பேர் பின்பக்கமாகப் போய் ஊத்தாக் கூடையைக் கவிழ்த்து மீன் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கண்மாயில் ஊரே இறங்கி மீன் பிடிக்கிற திருவிழா என்றால் இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்?

இருளாயி தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடிப்போய் நின்றாள். “விருந்தாளியா வந்தவ மடியிலயா கைய விடுவீக? நல்லா இருக்குய்யா ஒங்க சம்பந்தம்” என்றாள்.

ஒரு பெரியவர், “அந்தப் பொம்பள சொல்றது சரிதான்டா” என்று தன் கூடையை நிமிர்த்தினார். பிடித்த மீனையெல்லாம் திருப்பி விட்டதோடு, வெட்கத்துக்குத் தங்கள் கண்மாயிலிருந்தும் நாலு கூடை விரால் கொண்டுவந்து விட்டார்கள், எங்களுடையதும் இருக்கட்டும், கோட்டாட்சியர் பார்க்கட்டும் என்று. கூடையைக் குனிந்து வாங்கியபோதுதான் இருளாயி தன் காலைப் பார்த்தாள். நேற்று முழங்காலில் நின்ற தண்ணீர் இன்று கெண்டைக்காலில் நின்றது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாட்டுக் குறையாமல் பாடினாள், கோஷம் போட்டாள், ஆனால் அடிக்கொரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள். புதன்கிழமை நாலுவழிச் சாலையில் ஏறினார்கள். மாசி வெயில்தான், ஆனால் தாருக்கு மாசியும் ஒன்று சித்திரையும் ஒன்று, கண்மாய் மேலே வந்ததும் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது, நல்ல வெள்ளை ஆவி, ஜனங்கள் அதையும் கொண்டாட்டமாக நினைத்துக் கைதட்டினார்கள். வழிநெடுக ஊர்ப் பெண்கள் குடம் குடமாக ஊற்றினார்கள். நூற்று எண்பது ஏக்கருக்குக் குடம் எம்மாத்திரம்? வியாழக்கிழமை காலையில் தண்ணீர் அவள் கணுக்காலில் இருந்தது. விரால்கள் முதுகு தெரிய நெளிந்தன. கொக்குகளோடு எங்கிருந்தோ பருந்துகளும் வந்து சேர்ந்திருந்தன.

“சவரிமுத்தண்ணே, இது இன்னும் ஒரு நாள் தாங்காது” என்றாள் இருளாயி.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்று பார்த்தார். “தாங்கும் ஆத்தா. நாளைக்கு மதியம் ஆபீஸ் வாசல்ல நிப்போம். இம்புட்டுத் தூரம் கொண்டாந்துட்டு இப்ப விட்டா அந்தாளுகிட்ட எதக் காட்ட?”

“காட்டிட்டு? வெறும் மண்ணையா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ?”

“அதுக்குன்னு? குப்ப லாரி சனிக்கெழம வந்து நிக்கும்ல. காட்டலைன்னாலும் செத்துச்சு.”

அவர் சொன்னதும் நியாயம்தான். நடந்தால் ரோட்டில் சாகும், நிறுத்தினால் குப்பையில் சாகும். அவள் கண்மாயின் பக்கம் திரும்பி, பின்னாலேயே வரும் மாட்டை விரட்டுகிற மாதிரி, “போ. வீட்டுக்குப் போ. கூப்பிட்டது என் தப்பு, போ தாயி” என்று விரட்டினாள். அது நகரவில்லை. நாலு எட்டு முன்னால் வைத்தாள், அதுவும் நாலு எட்டு வந்தது. நின்றாள், நின்றது. சட்டென்று அவளுக்கு வழி தெரிந்துவிட்டது, தெரிந்த நொடியிலேயே மனசும் உடைந்தது. இந்த நாலு நாளும் அந்த ஆபீஸ் வாசலில் தான் நிற்கப்போகிற நேரத்தை நினைத்து நினைத்துத்தான் நடந்தாள், கோட்டாட்சியரின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

“நான் திரும்புறேன். எம் பின்னாடி அது வந்துரும். நீங்க எல்லாரும் போங்க” என்றாள்.

“போயி?”

“ஒங்க கால்களக் காட்டுங்கண்ணே. யாரும் கழுவாதீக.”

சவரிமுத்து குனிந்து பார்த்தார். அவர் காலில் முழங்காலுக்கு ஒரு வண்டல் கோடு, கெண்டைக்காலுக்கு ஒன்று, கணுக்காலுக்கு ஒன்று. இருநூற்றுப் பதிமூன்று பேர் காலிலும் அதே மூன்று கோடு. கோபம் போகாமலே கையை மட்டும் உயர்த்தி, வண்டி போகலாம் என்கிற பழைய சைகையைக் காட்டிவிட்டு முன்னால் நடந்தார்.

இருளாயி திரும்பி நடந்தாள். கண்மாயும் திரும்பியது. இரண்டு கான்ஸ்டபிள்களைக் கூட்டத்தோடு அனுப்பிவிட்டு ஜெபராணி இவளோடு வந்தாள். “நடைப்பயணம் முடியுற வரைக்கும் பாதுகாப்பு குடுக்கணும்னு ஆர்டர். இதுவும் அதுல ஒரு ஆள்தானே” என்றாள்.

திரும்பும் வழியில் ஆவி அடிக்கிற தார் ரோட்டைத் தவிர்த்து, மரநிழலில் போகிற பழைய மண்பாதையில் போனார்கள். வந்தபோது மேளம் அடித்த ஊர்களில் இப்போது சத்தமே இல்லை. வாசலில் நின்ற பெண்கள் பேசாமல் குடத்தை எடுத்துவந்து ஊற்றினார்கள். ஆவரங்குடிக்காரர்கள் தென்னங்கீற்றுகளைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒரு பர்லாங்கு தூரத்துக்கு ஒடுங்கிவிட்ட கண்மாய்க்குத் தங்கள் எல்லைவரை நிழல் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். இருளாயி வேகமாக நடக்கவும் பயந்தாள், மெதுவாக நடக்கவும் பயந்தாள். கருவேல மரங்களில் இரண்டு வழியிலேயே சாய்ந்துவிட்டன.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றது. கோட்டாட்சியர் இறங்கினார், கையில் அந்த ஏடு, கூடவே சர்வேயர் ஒருவர். இருளாயி நிற்கவில்லை, நிற்க நேரமில்லை. அவர் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, வேகமாக நடந்துவந்து அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

“உங்க ஆளுங்க வந்தாங்கம்மா. ஒரு வார்த்தை பேசல. வரிசையா நின்னு காலைக் காட்டுனாங்க” என்றார்.

“பாத்தீகளா?”

“இருநூத்திப் பதிமூணு பேர் காலையும் பாத்தேன்.” “ஏன் திரும்பிட்டீங்க? இன்னும் ஒரு நாள்தானே? நான் வாசல்லயே நின்னுருப்பேனே.”

“ஒங்ககிட்டச் சேதி சொல்ல ஆளு இருக்கு சார். இத வீட்டுல கொண்டுபோய்ச் சேக்க ஆளு இல்ல” என்றாள் இருளாயி.

அவர் அதன் பிறகு ஜீப்பில் ஏறவில்லை. ஏறச் சொன்னாலும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை, கொப்புளம் வந்த காலோடு மறுநாளும் நடந்தார்.

சனிக்கிழமை மதியம் உசிலங்காட்டுக் கரையில் ஆறு லாரிகள் குப்பையோடு வரிசையாக நின்றன. நாற்றம் ரோட்டுக்கே வந்தது. ஜெபராணி முன்னால் ஓடிப்போய் முதல் லாரியின் முன்னே குறுக்காக நின்று, நடைப்பயணம் போகிறது, என்ஜினை நிறுத்து என்றாள். டிரைவர் தலையை நீட்டிப் பார்த்தான். ஒரு பெண்ணும், வெறுங்காலில் ஓர் அதிகாரியும், அவர்கள் குதிகாலைத் தொட்டபடி நாலு ஆள் நீளத்துக்குக் கலங்கல் தண்ணீரும் வந்துகொண்டிருந்தன. அவன் என்ஜினை நிறுத்திவிட்டான்.

நாச்சியார் கரை ஏறியது. ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று நின்று ஏறியது. அப்புறம் மெதுவாகச் சரிந்து இறங்கி, வண்டல் ஆழமாகக் கிடக்கிற நடுப்பள்ளத்தில் போய்ப் படுத்தது. படுத்துக் கையைக் காலை நீட்டியது. நீட்டியும் ஒரு கல்யாணப் பந்தல் அளவுதான் இருந்தது. சுற்றிலும் நூற்று எண்பது ஏக்கர் வெற்று மண்.

சர்வேயர் கரையில் நின்று பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார். “சார், இத வச்சுக்கிட்டு எப்படிக் கண்மாய்னு எழுதறது? சித்திரைல நாம பாத்ததும் இதைத்தானே? இவ்வளவு எடத்துல இத்தினிக்காணு தண்ணி.”

கோட்டாட்சியர் இருளாயியைப் பார்த்தார். ஆறு நாள் நடந்த களைப்பிலும் அவள் கத்தவில்லை.

“அம்புட்டும் அவ எடம் சார். ஒரு பொம்பள மெலிஞ்சு போனான்னா, இம்புட்டு ஒடம்புக்கு இவ்வளவு பெரிய வீடு எதுக்குன்னு வெளிய தள்ளிட்டு அதுல குப்பையக் கொட்டுவீகளா?”

கீழே ஒரு விரால் புரளுகிற சத்தம் கேட்டது.

கோட்டாட்சியர் ஏட்டை முதல் லாரியின் பானட்டிலேயே விரித்தார். ‘தரிசு’ என்பதை அடித்துவிட்டு ‘கண்மாய்’ என்று எழுதினார், பரப்பு நூற்று எண்பது ஏக்கர் என்று எழுதினார், குறிப்பு எழுதுகிற இடத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி நின்றுவிட்டு, ‘தற்போது மெலிந்துள்ளது. தன் வீட்டில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சர்வேயர் அதைப் படித்துவிட்டு எதுவோ சொல்ல வாயெடுத்தார், ஜெபராணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“நாங்க எங்க சார் போறது?” என்று கேட்டான் லாரி டிரைவர்.

“எங்கிட்டிருந்து வந்தியோ அங்கிட்டு” என்றாள் இருளாயி.

ஆறு லாரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னுக்கு நகர்ந்தன. அவள் அதைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைச் சரிவில் சின்னப்பிள்ளை மாதிரி ஓடினாள், வெடித்த மண்ணில் இரண்டு தடவை தடுக்கி, விழாமல் சமாளித்து, நடுப்பள்ளத்துக்குப் போய்த் தண்ணீரில் அப்படியே உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் இடுப்புவரை வந்தது.